ஜீப்ரா மீனும் பதற்றமும்: என்னிடம் ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் மீன் அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஜீப்ரா மீனின் பதற்ற நடத்தை என்று ஒருவர் ப்ராஜெக்ட் எடுத்தால் அடுத்த வருஷம் நாலு பேர் எடுக்கிறார்கள், கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. மாணவர்கள் போக, பக்கத்து வீட்டுப் பெரியவர், பஸ்ஸில் என் கையில் இருந்த மீன் கவரைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தவர் என்று பலர் கேட்டதும் இதில் சேர்த்தி. கேட்டவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஏம்மா, மீனுக்குப் போய் பதற்றமா? அதுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?

மனசு இருக்கிறதா என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை, அது என் தொட்டிக்குள் அடங்காத கேள்வி. நாங்கள் பார்ப்பது நடத்தையை மட்டும்தான். புது இடத்தில் விட்டால் அடியில் பதுங்குகிறது, அசையாமல் உறைந்து நிற்கிறது, திடீரென்று திசை மாற்றி மாற்றிச் சீறி ஓடுகிறது. மனிதர்களுக்குப் பதற்றத்தைக் குறைக்கிற சில மருந்துகளைக் கொடுத்தால் இதெல்லாம் குறைகிறது. உடம்புக்குள் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் நமக்கு ஏறுவது மாதிரியே ஏறுகிறது.

அதனால்தான் "பதற்றம்" என்று மொட்டையாக எழுதாமல் "பதற்றம் சார்ந்த நடத்தை" என்று எழுதுகிறோம். அந்தச் "சார்ந்த" என்பதை ரெக்கார்டு நோட்டில் விழுங்கிவிடுகிறவர்களோடு எனக்கு வருஷா வருஷம் சண்டை.

எலி இருக்கும்போது மீன் எதுக்கு? அதிலயும் ஏன் இந்த மீனையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க?

இது நம் பக்கத்து மீன்தான். கங்கைச் சமவெளியில் பார்த்து 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் பெயர் வைத்தார். ஓடையிலும் வயல் ஓரத் தண்ணீரிலும் கிடக்கிற, மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு மேல் வளராத பொடிமீன். அதை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்து பெரிய ஆளாக்கியவர் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர், 1981-இல் வந்த அவருடைய கட்டுரைதான் திருப்புமுனை. முட்டை உடம்புக்கு வெளியே பொரியும், கரு கண்ணாடி மாதிரி இருக்கும், மூன்று மாதத்தில் குஞ்சு பெரிய மீனாகிவிடும். ஒரு ஜோடி ஒரு காலையில் நூறு இருநூறு முட்டை போடும். 2013-இல் இதன் மரபணுத் தொகுப்பு முழுதாக வெளிவந்தபோது மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இதில் குறைந்தது ஒரு இணையாவது உண்டு என்று தெரிந்தது.

பதற்ற ஆய்வுக்கு இன்னொரு வசதி உண்டு, அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எலிக்கு முக்கிய அழுத்த ஹார்மோன் கார்டிகோஸ்டிரோன். மீனுக்கு, நம்மைப் போலவே, கார்டிசால்.

பயம், பதற்றம் ரெண்டும் ஒண்ணுதானே அக்கா?

இல்லை. வரப்பில் நடக்கும்போது காலடியில் நல்ல பாம்பு படம் எடுத்தால் வருவது பயம். டார்ச் இல்லாமல் ராத்திரி அதே வரப்பில் நடக்கும்போது, பாம்பே இல்லாவிட்டாலும், ஒவ்வொரு அடியிலும் இருக்கிறதே, அதுதான் பதற்றம். சோதனைகளையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும். கொத்தித் தின்னும் மீனின் உருவத்தைத் தொட்டிக்குப் பக்கத்தில் காட்டினால் நீங்கள் அளப்பது பயம். காலியான புதுத் தொட்டியில் தனியாக விட்டால் அளப்பது பதற்றம்.

சரி, எப்படித்தான் அளக்கிறீங்க? மீனைக் கேக்கவா முடியும்?

அதிகம் செய்யப்படுவது புதுத்தொட்டிச் சோதனை. ஒன்றரை லிட்டர் அளவில் குறுகலான ஒரு தொட்டி, பாதிக்குக் குறுக்காகக் கோடு, முன்னால் ஒரு கேமரா, 6 நிமிடம், அவ்வளவுதான். விட்டவுடன் மீன் அடிக்குப் போகும். பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து சுற்றிப் பார்க்கும். முதல் தடவை மேல் பாதிக்கு வர எத்தனை நொடி ஆனது, மொத்தம் எத்தனை நேரம் மேலே இருந்தது, எத்தனை முறை கோட்டைத் தாண்டியது, எத்தனை முறை உறைந்து நின்றது, எத்தனை முறை சீறி ஓடியது, இவற்றை எண்ணுகிறோம். உறைதல் என்றால் செவுளும் கண்ணும் தவிர எதுவும் அசையாமல் நிற்பது. சும்மா மெதுவாக மிதப்பதை உறைதல் என்று எண்ணிவிடாதீர்கள்.

இது போகப் பாதி கறுப்பு பாதி வெள்ளைத் தொட்டி, அகலமான தொட்டியில் சுவரை ஒட்டியே நீந்துகிறதா என்று பார்ப்பது, கூட்டமாக விட்டு எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று அளப்பது எல்லாம் உண்டு. ஒரு சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாமல் இரண்டையாவது செய்யுங்கள்.

அடியில கிடந்தாப் பதற்றம்னா நம்ம ஊர் அயிரை பூரா வாழ்நாள் முழுக்கப் பதற்றத்துலயா இருக்கு?

இதைக் கேட்டது ஒரு முதல் வருஷப் பெண், இதுவரை எனக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். அயிரை சேற்றோடு சேர்ந்து வாழ்கிற மீன். அதற்கு அடிதான் வீடு, சாப்பாடு, எல்லாம். அதைப் புதுத்தொட்டியில் விட்டு அடியில் கிடக்கிறது என்று எழுதுவதில் அர்த்தமே கிடையாது. ஜீப்ரா மீன் தண்ணீரின் எல்லா மட்டத்திலும் திரிகிற மீன், அது தானாக அடிக்குப் போய், நேரம் ஆக ஆக மேலே வருகிறது, அந்த மாற்றம்தான் நமக்கு வேண்டியது. இடத்தை மட்டும் பார்க்காமல் நிமிடவாரியாகப் பாருங்கள்.

வாய்க்காலில் வலைபோட்டுப் பிடித்த ஏதோ ஒரு பொடிமீனில் ஜீப்ரா மீன் சோதனையை அப்படியே செய்து கொண்டுவருகிறவர்களுக்கும் இதே பதில்தான். முதலில் அந்த மீன் சாதாரணமாக எங்கே இருக்கும் என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

அக்கா, கறுப்பு வெள்ளைத் தொட்டியில என் குஞ்சு மீனெல்லாம் தலைகீழாக் காட்டுது. எதுல தப்பு?

தப்பே இல்லை. வளர்ந்த ஜீப்ரா மீன் பொதுவாக இருட்டுப் பக்கத்தை விரும்பும், வெளிச்சத்தில் நிற்பது அதற்கு ஆபத்து. ஒரு வாரக் குஞ்சு நேர் எதிர், அது இருட்டைத் தவிர்க்கும், திடீரென்று விளக்கை அணைத்தால் துள்ளித் துள்ளி ஓடும். குஞ்சில் செய்ததையும் பெரிய மீனில் செய்ததையும் ஒரே அட்டவணையில் போட்டால்தான் தப்பு.

கலர் மீன் கடையில வாங்கின மீன்ல செய்யலாமா?

செய்யலாம், கஷ்டத்தோடு. நம் ஊர்க் கடைகளுக்கு இந்த மீன் பெரும்பாலும் சென்னை கொளத்தூர்ச் சந்தை வழியாகத்தான் வருகிறது. அதன் வயதும் பெற்றோரும் தெரியாது, வழியில் என்ன மருந்துத் தண்ணீரில் கிடந்தது என்றும் தெரியாது. மரபு வழி மாறினாலே பதற்றத்தின் அளவு மாறும். மூளையிலும் தண்டுவடத்திலும் குடியேறி நடத்தையையே மாற்றிவிடுகிற ஒட்டுண்ணியும் இந்த மீனுக்கு உண்டு. வாங்கியவுடன் வேறு மீனோடு கலக்காமல் தனித் தொட்டியில் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். அதைவிட நல்லது, வாங்கிய மீனை முட்டையிடவைத்து அந்தக் குஞ்சுகளில் செய்வது. மூன்று மாதம்தானே.

பச்சை, சிவப்பு என்று ஒளிருகிற மீன்களை வாங்காதீர்கள். அது சாயம் ஏற்றியது அல்ல, ஜெல்லிமீன், பவளம் இவற்றின் மரபணுவைச் சேர்த்து உண்டாக்கியது. தொடங்கியது சிங்கப்பூரில், தண்ணீர் மாசைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற நோக்கத்தில். அது அழகுமீனாகப் போனது தனிக்கதை.

மருந்தே கொடுக்காத கண்ட்ரோல் மீன் ஏன் இப்படிப் பதறுது?

கேட்கிற பத்துப் பேரில் எட்டுப் பேரின் பிரச்சினை இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். எனக்கே ஒரு ஆடி மாசம் முழுக்கக் கண்ட்ரோல் மீன் அடியை விட்டு நகரவில்லை. தண்ணீரை மாற்றினேன், தீவனத்தை மாற்றினேன், மாணவனைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கட்டியிருந்த ஸ்பீக்கர். இந்த மீன் கெண்டை, கெளுத்தி வகையோடு சேர்ந்தது, காற்றுப்பையிலிருந்து உள்காதுக்கு அதிர்வைக் கடத்துகிற குட்டி எலும்புகள் இதற்கு உண்டு, நன்றாகவே கேட்கும். பம்புசெட் மோட்டார் ஓடுகிற சுவரில் சாய்த்து ரேக்கை வைத்தாலும் இதே கதைதான்.

அடுத்தது வலை. ஒரு மீனைப் பிடிக்க அஞ்சு தடவை துழாவினால் அந்தத் தொட்டியில் இருக்கிற அத்தனை மீனும் பதறிவிடும், கடைசியாகப் பிடித்த மீன் முதலில் பிடித்த மீனைவிட அதிகம் பதறும். உரசலில் தோல் கிழிந்தால் இன்னும் மோசம். இந்த வகை மீன்களின் தோலில் ஒரு எச்சரிக்கைப் பொருள் இருக்கிறது, காயம் பட்டால் தண்ணீரில் கலந்து மற்ற மீன்களை விரட்டும். 1938-இல் கார்ல் வான் பிரிஷ், பின்னால் தேனீ நடனத்துக்காக நோபல் வாங்கியவர், இதைப் பற்றி எழுதினார். ஆகவே ஒவ்வொரு மீனுக்கும் சோதனைத் தொட்டியின் தண்ணீரை மாற்றுங்கள். சோம்பல்பட்டு அதே தண்ணீரில் பத்து மீனை விட்டால் பத்தாவது மீன் முதல் ஒன்பது மீனின் செய்தியைப் படித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது நேரம். காலையில் விளக்குப் போட்டதும் முட்டையிடுகிற நேரம், அப்போது நடத்தை வேறு. எல்லா மீனையும் ஒரே நேர இடைவெளிக்குள் முடியுங்கள். திங்கள்கிழமை கண்ட்ரோல், செவ்வாய்க்கிழமை மருந்து என்று பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

போர் தண்ணி போதாதா? ஜூன்ல ஆத்துல தண்ணி வந்துடுமே, அதை எடுத்துக்கலாமா?

ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வருவதற்குள் அதில் வண்டலும் வயல் வடிகாலும் சேர்ந்துவிடும். நாற்றங்காலுக்கு அது அமிர்தம், சோதனைத் தொட்டிக்கு ஆகாது. போர் தண்ணீர் ஊருக்கு ஊர் வேறு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பு, உள்ளே வந்தால் கடினத் தன்மை. நகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும், சோடியம் தயோசல்பேட் போடாமல் விட்டால் மீன் பதறுவதற்கு முன்னால் செத்துவிடும். நாங்கள் ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பை அளந்து கலக்குகிறோம். பி.எச். 7-ஐ ஒட்டி, வெப்பம் 26 முதல் 28.5 டிகிரி. வெறும் ஆர்.ஓ. கேன் தண்ணீரில் விடாதீர்கள், அதில் உப்பே இல்லை.

முக்கியம், வளர்ப்புத் தொட்டித் தண்ணீரும் சோதனைத் தொட்டித் தண்ணீரும் ஒன்றாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டைமாடி டேங்கிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரில் மீனை விட்டுவிட்டு அது பதறுகிறது என்று சொன்னால் யார்தான் பதற மாட்டார்கள்.

கரண்ட் போனா?

காற்று பம்புக்குப் பேட்டரி வையுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது கடலோரப் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, அதற்கெல்லாம் எந்தப் பேட்டரியும் தாங்காது. ஆனால் நாலு மணி நேரக் கட்டுக்குத் தாங்கும். கரண்ட் போன நாளின் கணக்கை மட்டும் சேர்க்காதீர்கள், விளக்கு நேரம் மாறியிருக்கும்.

மாத்திரையைத் தண்ணியில கரைச்சா மீன் அமைதியாயிடுமா?

சில மருந்துக்கு ஆகும். பதற்றத்துக்குக் கொடுக்கிற புஸ்பிரோன் கொஞ்ச நேரத்திலேயே வேலை செய்யும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற புளூவாக்ஸெட்டினை லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்து மேலே வரும் நேரம் கூடுவதைக் காட்டியிருக்கிறார்கள். மனிதர்களுக்கும் அது வாரக்கணக்கில்தானே வேலை செய்கிறது. எதிர்த் திசையில் காஃபீன், லிட்டருக்கு 100 மில்லிகிராம் போட்டால் மீன் அடியை விட்டு அசையாது. கும்பகோணத்தில் இருந்துகொண்டு டிகிரி காபியைக் குறை சொல்லக் கூடாது, ஆனாலும் மீனுக்கு அது ஒத்துவரவில்லை.

கடை மாத்திரையை இடித்துப் போடாதீர்கள், அதில் மாவும் சாயமும் சேர்ந்திருக்கும். சுத்தமான வேதிப்பொருளை வாங்குங்கள். கரைக்க வேறு திரவம் பயன்படுத்தினால் கண்ட்ரோல் மீனுக்கும் அதே திரவம், அதே அளவு.

மருந்து போட்டதும் மீன் மேலேயே நின்னுச்சு. பதற்றம் போயிடுச்சுன்னு எழுதிடலாம்ல?

அவசரப்படாதீர்கள். விடியற்காலையில் குளத்துமீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே நிற்குமே, அது அமைதியா? ஆக்சிஜன் குறைந்தாலும் மீன் மேலே வரும். மயக்கம் வந்தாலும் ஓரிடத்தில் கிடக்கும். சாராயத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம், 0.3 சதவீதத்தில் துணிச்சலாகச் சுற்றும், ஒரு சதவீதத்தை எட்டினால் தள்ளாடி அடங்கும். ஆகவே மொத்தம் எவ்வளவு தூரம் நீந்தியது, எவ்வளவு வேகம் என்று கூடவே எழுதுங்கள். தூரம் மாறாமல் மேலே இருந்த நேரம் மட்டும் கூடினால்தான் பதற்றத்தைப் பற்றிப் பேசலாம். தூரமே விழுந்துவிட்டால் அது தூக்கம், இல்லையென்றால் நோய்.

ஒரு தொட்டியில 20 மீன் போட்டு மருந்து கலந்தேன். அப்போ 20 தானே எண்ணிக்கை?

கறாராகச் சொன்னால் 1. அந்த 20 மீனும் ஒரே தண்ணீர், ஒரே வெப்பம், ஒரே தாதாவிடம் அடி வாங்கியவை (எல்லாத் தொட்டியிலும் ஒரு தாதா மீன் இருக்கும்). தொட்டியில் ஏதாவது கோளாறு என்றால் அதை மருந்தின் விளைவு என்று எழுதிவிடுவீர்கள். 20 மீனை ஐந்து தொட்டியில் நாலு நாலாக வையுங்கள், எந்தத் தொட்டிக்கு மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஆணும் பெண்ணும் சமமாக இருக்கட்டும், ஒல்லியாகப் பொன்னிறம் தட்டினால் ஆண், வயிறு உருண்டு வெள்ளியாக இருந்தால் பெண்.

அதே மீனை மறுநாளும் சோதிக்கலாமா என்று சேர்த்தே கேட்பார்கள். நேற்று பார்த்த தொட்டி இன்று புதுத்தொட்டி இல்லை.

சாப்ட்வேர் விலையைக் கேட்டாத் தலை சுத்துது, வேற வழி இருக்கா?

இருக்கிறது. வீடியோவில் மீன் நீந்துவதைத் தானாகக் கணக்கெடுக்கிற ஐடிட்ராக்கர், டாக்ஸ்ட்ராக் இரண்டும் இலவசம், பின்னணி வெள்ளையாகவும் வெளிச்சம் சீராகவும் இருந்தால் போன் வீடியோவே போதும். கையால் எண்ணுவதானால் போரிஸ் என்ற இலவச மென்பொருள் நல்லது. ஆனால் எண்ணுகிறவருக்கு எது மருந்து மீன் என்று தெரியக் கூடாது, வீடியோக்களின் பெயரை நண்பரிடம் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். தெரிந்தே எண்ணினால் கண் நாம் விரும்பியதைத்தான் பார்க்கும், என் கண்ணும்தான்.

நடத்தை மட்டும் போதுமா, கார்டிசாலும் பார்க்கணுமா?

இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் உங்கள் பேச்சுக்குப் பலம். ஆனால் மீன் பொடிசு, ரத்தம் எடுப்பது சிரமம், அதனால் பெரும்பாலும் முழு உடலையும் அரைத்துத்தான் அளக்கிறார்கள். அதாவது மீன் சாக வேண்டும். பிடித்த சில நிமிடத்திலேயே ஹார்மோன் ஏறத் தொடங்கிவிடும் என்பதால் வலையில் தடுமாறினால் உங்கள் தடுமாற்றத்தைத்தான் அளப்பீர்கள். இளநிலை ப்ராஜெக்ட்டுக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

குழம்பு வைக்கிற மீனுக்கு யாருகிட்டயும் கேக்கறதில்ல, இதுக்கு எதுக்கு அனுமதி?

1960-ஆம் வருஷ விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் விலங்கு என்றால் மனிதர் தவிர எல்லா உயிரும், மீனும் அதில் அடக்கம். அந்தச் சட்டத்தின் கீழ் சோதனைகளை மேற்பார்க்கிற மத்தியக் குழு 2021-இல் மீன்களுக்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் தொடங்குவதற்கு முன்னால் எழுதிக் கொடுங்கள். முடித்துவிட்டு அனுமதி கேட்டு வந்த ஒருவரின் ஒரு வருஷ வேலை அப்படியே வீணாய்ப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

வயலுக்கு அடிக்கிற மருந்து வாய்க்கால் மீனைப் பதறவைக்குதான்னு இதை வச்சுப் பார்க்க முடியுமா?

முடியும். டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு செய்ய இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. ஆனால் சிக்கல் இங்கேதான். குளோர்பைரிபாஸ் மாதிரிப் பூச்சி மருந்துகள், நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியை முடித்துவைக்கிற அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கும், அதில் தசையும் தடுமாறும். மீன் நகராததற்குக் காரணம் பதற்றமா, தசையா? மேலே நின்ற மீனுக்குச் சொன்ன அதே சோதனைதான், தூரத்தையும் வேகத்தையும் பாருங்கள். தண்டுத்துளைப்பான் பூச்சிக்குப் போடுகிற பிப்ரோனில் என்ற மருந்து இன்னும் சுவாரசியம், அது அடைப்பது காபா என்ற நரம்புக் கடத்தியின் வழியை. மனிதர்களுக்குப் பதற்றத்தைக் குறைக்கக் கொடுக்கிற டயசிபாம் திறந்துவிடுவதும் அதே காபா வழியைத்தான்.

எங்க அம்மாவுக்கு ரொம்ப நாளாப் பதற்றம். இந்த மீனால அவங்களுக்கு மருந்து வருமா?

நாளைக்கே வராது. இந்த மீன் செய்வது சல்லடை வேலை, ஆயிரம் வேதிப்பொருளில் எது பார்க்கத் தகுந்தது என்று சீக்கிரம் சலித்துக் கொடுக்கும். அதற்குப் பிறகு எலி, மனிதர் என்று வருஷக்கணக்கில் ஆகும், பாதி வழியில் நின்றுபோவதுதான் அதிகம். அம்மாவுக்கு இன்றைக்கே உதவி இருக்கிறது, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. மீன் தொட்டியில் படித்த அளவை வைத்து வீட்டில் மருந்து கொடுக்க மட்டும் நினைக்காதீர்கள்.

எல்லாம் முடிஞ்சுது அக்கா. மீனைக் காவிரியிலயே விட்டுடவா? பாவம்.

வேண்டாம். மருந்து தின்ற மீன், எந்த ஊர்ச் சந்தையில் எந்த நோயை வாங்கியது என்று தெரியாத மீன், ஆற்றில் இருக்கிற அயிரைக்கும் கெண்டைக்கும் அதைக் கொடுக்காதீர்கள். தொட்டித் தண்ணீரையும் வாய்க்காலில் கொட்டாதீர்கள். மீனை என்ன செய்வது என்பது நெறிமுறைக் குழுவுக்கு நீங்கள் கொடுத்த தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் மருந்து படாத கண்ட்ரோல் மீன்களை என் அறைக்குக் கொண்டுவாருங்கள், முட்டைக்கு வைத்துக்கொள்கிறேன். பிளாஸ்டிக் கவரில் பாதிக்கு மேல் தண்ணீர் பிடிக்காதீர்கள், காற்றுக்கு இடம் விடுங்கள், மதிய பஸ்ஸில் வராதீர்கள்.